தப்புத் தாளங்கள் (ஜப்பான் பாகம்)

டிஸ்கி: சங்கீதம் முறையாப் படிச்சவங்க இந்தப் பதிவை ஒரு டம்ளர் மோரைக் குடிச்சிட்டுப் படிக்கவும். அப்புறம் ரத்தக்கொதிப்பு ஏறிப்போச்சுன்னு பின்னூட்டத்துல வந்து சண்டை போட்டா நான் பொறுப்பில்லை.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பொண்ணுக்குப் பியானோ சொல்லித் தர்ற டீச்சரம்மா வருஷத்துக்கு ஒரு தடவை மாணவர்களை எல்லாம் மேடை ஏத்துவாங்க. இதுக்கு இங்கே ஹப்பியோகாய்னு பேரு. சின்ன ஹால், நூறு நாற்காலி, நிஜமான கிராண்ட் பியானோ. அஞ்சு வயசு வாண்டுல ஆரம்பிச்சு வயசு ஏற ஏற ஒவ்வொருத்தரா வந்து வாசிச்சுட்டுப் போறாங்க. எங்க வீட்டம்மிணி முடிஞ்சதும் நான் மெதுவா செல்போனை எடுத்துட்டேன் (நம்ம புள்ள முடிஞ்சா நிகழ்ச்சியே முடிஞ்ச மாதிரிதானே). அப்பத்தான் கடைசியா ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல இருக்கும். கறுப்பு கோட்டு, பளபளன்னு ஷூ. வேலையில இருந்து ஓய்வு பெற்றப்புறம் பியானோ பழக ஆரம்பிச்சவராம்.

வாசிச்சாரா? வாசிச்சார்னு சொல்ல முடியாது. தடவித் தடவிப் போனார். முதல் பக்கத்துல ஒரு எடத்துல நின்னார். திரும்ப ஆரம்பிச்சார். அதே எடத்துல மறுபடி நின்னார். மூணாவது தடவை அந்தப் பள்ளத்தைத் தாண்டிட்டு வேற ஒரு எடத்துல மாட்டிக்கிட்டார். எனக்கு அடிவயித்தப் பிசையுது. யாராவது போய் அவரக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடக் கூடாதான்னு இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஹால்ல ஒருத்தர் மொகத்துலயும் அந்தப் பதட்டம் இல்லை. சிரிப்பும் இல்லை, 'ஐயோ பாவம்'ங்கிற பார்வையும் இல்லை. பஸ்சுக்கு நிக்கிற மாதிரி சும்மா காத்துக்கிட்டு இருந்தாங்க. முடிச்சார். எழுந்து குனிஞ்சு வணக்கம் சொன்னார். அஞ்சு வயசு வாண்டுக்குத் தட்டுன அதே கைதட்டல், அதே அளவு. வெளிய வந்தா அவர் மனைவி ஒரு பூங்கொத்தோட நிக்கிறாங்க.

ரயில்ல வரும்போது பொண்ணுகிட்ட, "நல்லா வாசிச்சடா, ஆனா ரெண்டு எடத்துல தாளம் விட்டுட்ட"ன்னு சொன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. தங்கமணி மட்டும் மெதுவா, "ஒங்க மிருதங்க வாத்தியார் மாதிரியே பேசறீங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் கவாசாகி வர்ற வரைக்கும் யாரும் பேசலை.

அந்த வாத்தியார் கதைய நான் இதுவரைக்கும் இங்க எழுதினது இல்லை. பெரிய கதை ஒண்ணும் இல்லை. பதினொரு வயசுல என்னைக் கும்பகோணத்துல மிருதங்கம் கத்துக்க அனுப்பிச்சாங்க. ரெண்டு வருஷம். ஒரு நாள் அப்பாவக் கூப்பிட்டு, என்னை வச்சுக்கிட்டே, "இவன் கைக்கு இது வராது சார். லயம்ங்கிறது பொறக்கும்போதே இருக்கணும். காசக் கரியாக்காம கணக்கு டியூஷன் அனுப்புங்க"ன்னார். கணக்கு டியூஷன் போனேன், பொட்டி தட்டுற வேலை கெடச்சுது, அந்தப் பொட்டிதான் என்னை ஜப்பான் கொண்டாந்து விட்டுச்சு. அந்த வகையில வாத்தியாருக்கு நன்றிதான் சொல்லணும். மிருதங்கம் பரண் மேல. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போறப்பவும் அம்மா, "இத யாருக்காவது குடுத்துடலாமாடா"ன்னு கேப்பாங்க. 'இருக்கட்டும்மா'ன்னுடுவேன். ஏன்னு கேட்டா பதில் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த நாட்டுல வந்து இறங்கின புதுசுல எனக்குப் பெரிய ஆச்சரியம் புல்லட் ரயில் இல்லை. சுமாரா வாசிக்கிறவங்க எண்ணிக்கைதான். எங்க திரும்பினாலும் ஒரு சுமார் கச்சேரி. ஸ்டேஷன் வாசல்ல கிட்டார். ஆத்தங்கரையில தனியா நின்னு ட்ரம்பெட் ஊதுற ஆசாமி (வீட்டுச் சுவர் காகிதம் மாதிரி, அதான் ஆத்தங்கரை). ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோமின்கான், அதாவது சமுதாயக் கூடம். போர் முடிஞ்சதும் 1946ல கல்வி அமைச்சே ஊர் ஊரா வைக்கச் சொல்லி ஆரம்பிச்ச ஏற்பாடு. எங்க கவாசாகியில ஷிமின்கான்னு பேரு. சில நூறு யென் கட்டினா ஒரு அறைய எடுத்துக்கலாம். ஒரு அறையில அம்மாமார் கோரஸ், அடுத்த அறையில தாத்தாக்கள் ஹார்மோனிகா, மாடியில ஹவாயன் கிட்டார். கவாசாகிங்கிறது இரும்பாலையும் புகையுமா இருந்த ஊர். நம்ம எண்ணூர் மாதிரின்னு வச்சுக்குங்க. 2004ல பெரிய கச்சேரி மண்டபம் ஒண்ணு கட்டி 'இசை நகரம்'னு தனக்குத்தானே பேரு வச்சுக்குச்சு. 2011 பூகம்பத்துல அந்த மண்டபத்துக் கூரை பெயர்ந்து விழுந்து, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி தொறந்தாங்க. நான் சொல்ல வந்தது மண்டபத்தப் பத்தி இல்லை. அந்த ஷிமின்கான் அறைகளப் பத்தி.

டிசம்பர் மாசம் வந்தா போதும், ஊர் பூரா பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி. இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. முதல் உலகப் போர்ல சீனாவுல சிங்தாவ் கோட்டையில பிடிபட்ட ஜெர்மன் கைதிகளை ஜப்பான்காரங்க கொண்டாந்து ஷிகோகு தீவுல பான்தோங்கிற எடத்துல முகாம்ல வச்சாங்க. அந்தக் கைதிகள் 1918 ஜூன் 1ஆம் தேதி அந்த சிம்பொனிய முழுசா வாசிச்சுப் பாடியிருக்காங்க. ஜப்பான்ல அதுதான் முதல் தடவை. முகாம்ல பொம்பளைங்க ஏது? பெண் குரல் பகுதியையும் ஆம்பளைங்களே பாடினாங்க. ஆக, இந்த நாட்டுல அந்த மகா காவியத்த ஆரம்பிச்சு வச்சதே கைதிங்க கூட்டம்தான்! இன்னிக்கு ஒசாகாவுல 1983ல இருந்து வருஷா வருஷம் பத்தாயிரம் பேர் சேர்ந்து அதப் பாடுறாங்க. பெரும்பாலும் ஆபீஸ் போறவங்க, வீட்டம்மாக்கள், காலேஜ் பசங்க. கட்டணம் கட்டி மாசக்கணக்குல பயிற்சிக்குப் போறாங்க. ஜெர்மன் தெரியாது, அதனால கதகானா எழுத்துல எழுதி வச்சுக்கிட்டு உருப்போடுறாங்க. இதக் கேட்டு முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நம்ம ஊர்ப் பாட்டு கிளாஸ்ல தெலுங்குக் கீர்த்தனைய 'க'வுக்குத் தலையில ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் போட்டுத் தமிழ்ல எழுதிப் பாடுற கூட்டம்தானே நாம. சிரிப்ப வாபஸ் வாங்கிட்டேன்.

கரோக்கியப் பத்தி தனிப் பதிவே போடலாம், வேணாம். ஒரே ஒரு விஷயம். 1971ல கோபேயில அந்த மெஷினச் செஞ்ச இனோவே தைசுகே காப்புரிமை வாங்கலை. வாங்கியிருந்தா கோடீஸ்வரன். அவருக்கு 2004ல கெடச்சது இக் நோபல் அமைதிப் பரிசு, மனுஷங்க ஒருத்தர ஒருத்தர் பொறுத்துக்கப் புது வழி கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்காக! அந்தப் பரிசு கிண்டலுக்காகக் குடுக்கறதுதான். ஆனா அந்தப் பியானோ தாத்தாவுக்கு ஹால்ல காத்திருந்தவங்கள நெனச்சா எனக்கு அதுல கிண்டல் தெரியலை.

அதே மாதிரி ஞாயித்துக்கிழமை மத்தியானம் டீவியில ஒரு பாட்டு நிகழ்ச்சி. 1946ல ரேடியோவுல தொடங்கினது. 'நொதோ ஜிமான்', தொண்டைப் பெருமைன்னு வச்சுக்கலாம். ஊர் ஊராப் போய் மீன் விக்கிறவர், நர்ஸம்மா, பாட்டி எல்லாரையும் பாட விடுவாங்க. பாட்டு முடியும் முன்னாடி மணி அடிக்கும். நல்லாப் பாடினா நெறைய மணி, சுமாருக்கு ரெண்டு, சொதப்பினா ஒண்ணு. ஒரு மணி வாங்கினவர் 'அடடா'ன்னு தலையில கை வச்சுட்டு சிரிச்சுக்கிட்டே போவார். மேடையில நடுவர் கெடையாது, குளோசப்ல கண்ணீர் கெடையாது. நம்ம ஊர்ல எட்டு வயசுக் கொழந்தைய நிக்க வச்சு, 'சங்கதி சரியா விழலம்மா'ன்னு சொல்லி, அது உதடு பிதுங்கறத நாலு கோணத்துல காட்டி, அம்மா அழறத ஸ்லோமோஷன்ல காட்டி... வேணாம், பிபி ஏறுது. (2023ல இருந்து இந்த ஜப்பான் நிகழ்ச்சியிலயும் கூட வாசிச்ச இசைக்குழுவத் தூக்கிட்டு கரோக்கி இசைய வச்சுட்டாங்க. எனக்குப் புடிக்கலை. பாட்டுக்காரர் தடுமாறினா அவருக்காகக் காத்திருக்க மெஷினுக்குத் தெரியாது.)

சரி, நான் எப்படி இதுக்குள்ள வந்து விழுந்தேன்?

எங்க குடியிருப்புல ஒவ்வொரு ஆகஸ்ட்டும் போன் ஒதோரி நடக்கும். இறந்து போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போற நாட்களையொட்டி ஆடுற ஆட்டம். மைதானத்து நடுவுல மரத்துல ஒரு பரண் கட்டி (யகுரா), மேல பெரிய டைகோ முரசை வச்சு அடிப்பாங்க. கீழ சுத்தி வட்டமா ஊரே ஆடும். பாட்டு டேப்புல ஓடும், முரசு மட்டும் நெசம். 1933ல வந்த 'டோக்கியோ ஒந்தோ', நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க பாட்டான 'தான்கோ புஷி' இதெல்லாம் இல்லாம ஒரு போன் ஒதோரியும் நடக்காது. நம்ம கும்மி மாதிரிதான். தெரியாதவங்க தெரிஞ்சவங்க பின்னாடி நின்னு பாத்துப் பாத்துக் கைய வீசுவாங்க.

2012னு ஞாபகம். வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தவன் என்னையறியாம தொடையில தாளம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். முரசுக் குழுத் தலைவர் பாத்துட்டார். டோஃபு கடை வச்சிருந்த பெரியவர். என் பேரை ரெண்டா வெட்டி முன்பாதிக்கு ஒரு 'சான்' சேத்து, "சனிக்கிழமை சாயங்காலம் வா"ன்னார். லயம் கெடையாதுன்னு எனக்குச் சான்றிதழ் இருக்குன்னு சொல்ல நெனச்சேன், அந்த அளவுக்கு ஜப்பானிய மொழி அப்ப வரலை. போனேன்.

முதல் நாள் அவர் குச்சியக் கையில குடுக்கலை. வாயால சொல்லச் சொன்னார். 'தொன்'னா முழு அடி, 'தொகோ'ன்னா வேகமா ரெண்டு, 'க'ன்னா ஓரத்துக் கட்டையில அடி, 'சு'ன்னா சும்மா இரு. தொன், தொன், தொகோ தொன், சு, க, க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இது நம்ம சொற்கட்டுய்யா! தகதிமி தகஜொணு! பதிமூணு வயசுல நிறுத்தினத நாப்பதுக்குப் பக்கத்துல கவாசாகியில ஒரு டோஃபு கடைக்காரர் கிட்டத் தொடர வேண்டியிருக்கு. நானும் பெருமையா நம்ம சொல்லு ஒண்ணு எடுத்து விட்டேன். குழுவுல எல்லாரும் அதத் திருப்பிச் சொல்லிப் பாத்தாங்க, 'தகிட' வரலை, 'தக்கித்தா' ஆச்சு. ஒரே சிரிப்பு.

அந்த வருஷம் மேடையில சொதப்பினேன். தான்கோ புஷியில நடுவுல ஒரு அடி தவறி, அதப் புடிக்கப் போயி இன்னொண்ணு தவறி, அப்படியே நின்னுட்டேன். பாட்டு பாட்டுக்கு ஓடுது. கீழ ஆடுறவங்க ஆடிக்கிட்டே இருக்காங்க. கைக்குச்சி ரெண்டும் மேல, நான் சிலை. அப்ப கீழேருந்து யாரோ கத்தினாங்க, "டொன்மாய்!" பேஸ்பால்ல பந்த விட்டவன் கிட்டச் சொல்லுவாங்களே, அது. இங்கிலீஷ் 'டோன்ட் மைண்ட்' தேய்ஞ்சு வந்த வார்த்தை. மனசுல வச்சுக்காதே, அடுத்ததப் பாருன்னு அர்த்தம். இன்னொரு பாட்டி கத்தினாங்க. அடுத்த சுத்துல ஏறி ஒக்காந்துட்டேன்.

இறங்கி வந்ததும் பெரியவர் ஒரு பீர் டின்ன நீட்டினார். "அடுத்த வருஷம் அந்த எடம் சரியாயிடும்"னார். அவ்வளவுதான். விசா புதுப்பிக்கிற ஆபீஸ்ல, வீடு வாடகைக்குக் கேட்டுப் போற எடத்துல, எங்கயும் எனக்கு அடுத்த வருஷம் இங்க உண்டுன்னு யாரும் சொன்னது கெடையாது. வெளிநாட்டுக்காரனுக்கு வீடு குடுக்க மாட்டோம்னு ரெண்டு பேர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க. இவர் ஏதோ நான் இங்கயே பொறந்து இங்கயே சாகப் போறவன் மாதிரி 'அடுத்த வருஷம்'னார். நல்லா வாசிச்சிருந்தா அதச் சொல்லியிருப்பாரான்னு தெரியலை. 'நன்றி, பிரமாதம்'னு சொல்லி அனுப்பியிருப்பார்.

இப்பப் பின்னூட்டத்துல வரப் போற கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிடறேன்.

'ஜப்பான்னா எல்லாம் சொர்க்கமா?' இல்லவே இல்லை. ஸ்கூல் பித்தளை வாத்தியக் குழுவப் பாத்தா தெரியும். லீவு நாள் கெடையாது, போட்டியில தங்கம் வெள்ளி வெண்கலம்னு எல்லாருக்கும் ஒண்ணு குடுப்பாங்க, தங்கம் வாங்கியும் அடுத்த சுத்துக்குப் போகலைன்னா அதுக்கு 'தமே கின்', உதவாத தங்கம்னு பேரே வச்சிருக்காங்க. புள்ளைங்க கட்டிப் புடிச்சு அழும். அதே மாதிரி லைவ் ஹவுஸ்னு சின்னச் சின்ன மேடைங்க. அங்க வாசிக்கணும்னா 'நோருமா' உண்டு. இருபது டிக்கெட்ட நீயே வித்துக் குடுக்கணும், விக்காததுக்குக் காசு உன் பையில இருந்து. டிக்கெட் 2,000 யென்னா, ஒருத்தரும் வரலைன்னா 40,000 யென் தண்டம். நம்ம சபாக்கள்ல புதுசா மேடை ஏற காசு கேக்கறாங்கன்னு புலம்பறோமே, இங்க அத எழுதியே வச்சிருக்காங்க.

'நம்ம ஊர்ல இல்லையா?' இருந்துச்சு, இருக்கு. மார்கழி பஜனையில சுதி சேராத மாமா, கோயில் திருவிழா மெல்லிசைக் குழுவுல ஓசியில ஒரு பாட்டு பாடற மின்வாரிய ஊழியர், எல்லாரையும் எனக்குத் தெரியும். ஆனா வாத்தியம்னு வந்தா நம்ம கதை வேற. எவன் எதத் தொடலாம், எவன் தொடக்கூடாதுங்கிறத நாம கையப் பாத்து முடிவு பண்ணலை, பொறப்பப் பாத்து முடிவு பண்ணினோம். என் மிருதங்கத்துக்குத் தோல் இழுத்துக் கட்டினவர் வீட்டுப் பையன் எங்க வாத்தியார் வீட்டுத் திண்ணை தாண்டி உள்ள வந்தத நான் பாத்தது இல்லை. அப்ப அது எனக்கு ஒறைக்கக் கூட இல்லை. டி.எம். கிருஷ்ணா 2020ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு அந்த மிருதங்கம் செய்யறவங்களப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினார். படிச்சப்புறம்தான் பரண் மேல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது. 'தப்பு'ன்னு ஒரு முரசுக்கே பேரு வச்சிருக்கோம். அத அடிக்க வேண்டியவங்க இன்னாருன்னும் வச்சிருந்தோம்.

ஜப்பானும் இதுல யோக்கியம் இல்லை. தோல் பதனிட்டு டைகோ செஞ்சவங்கள ஒதுக்கி வச்ச நாடுதான் இது. ஒசாகாவுல நானிவா பகுதி முரசு செய்யறதுக்குப் பேர் போனது. செஞ்சு குடுத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க, 'நாங்க செஞ்ச முரசை நாங்களே அடிக்கிறோம்'னு குழு அமைச்சு மேடை ஏறினது 1980களுக்கு அப்புறம்தான். நம்ம ஊர்ல பறையக் கையில எடுத்துக்கிட்டுப் பசங்க வெளிய வந்தாங்களே, அதுக்கு அண்ணன் தம்பி. எங்க டோஃபு பெரியவர் கிட்ட இதக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அதப் பத்தி எங்க காலத்துல பேச மாட்டோம்"னார். அதோட நிறுத்திட்டேன்.

'தரம்னு ஒண்ணு வேணாமா?' வேணும். நானும் காசு குடுத்து நல்ல கச்சேரிக்குத்தான் போறேன். ஆனா ஒரு ஊருக்கு நாலு மேதைங்க இருந்தா, அவங்களுக்குக் கீழ நாலாயிரம் சுமாருங்க இருக்கணும்யா. அவங்கதான் டிக்கெட் வாங்கறவங்க, எங்க கஷ்டம்னு தெரிஞ்சு கேக்கறவங்க. நாம மேதைய மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பிட்டோம். அனுப்பிட்டு, ரசிகர்கள் ஆல் இந்தியா ரேடியோ காலத்தோட போயிட்டாங்க, கேன்டீன் தோசைக்குத்தான் கூட்டம் வருதுன்னு பொலம்பறோம்.

பொண்ணு விஷயம் பாதியில நிக்குதே. ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசலை. மூணாம் நாள் சாப்பிடும்போது அவளே ஆரம்பிச்சா. "அப்பா, அந்தத் தாத்தா மூணு எடத்துல விட்டாரு."

"ஆமாடா."

"நீ எழுந்து நின்னு கை தட்டுன."

பதில் இல்லை. சாம்பாரை ஊத்திக்கிட்டேன். தங்கமணி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, பதினாறு வருஷ சேமிப்பு அதுல இருந்துச்சு. அப்புறம் ஃபோன எடுத்து, அந்த முதல் வருஷம் பரண் மேல நான் சிலையா நிக்கிற வீடியோவ எடுத்து அவகிட்டக் காட்டினேன். எடுத்தது தங்கமணி, அவ இதுவரைக்கும் பாத்ததில்லை. நாலு தடவை பாத்தா. "டொன்மாய்"னா. அடுத்த வருஷ ஹப்பியோகாய்க்கு அதே பாட்ட எடுத்துக்கறாளாம்.

முரசுக் குழுவுல இப்ப ஆள் பத்தலை. கொரோனாவுல மூணு வருஷம் விழா நடக்காமப் போனதுல நாலு பேர் வராம நின்னுட்டாங்க. பெரியவருக்கு முட்டி போச்சு, யகுரா ஏணி ஏற முடியாது. கீழ நாற்காலி போட்டு ஒக்காந்து வாயால சொல்றார். போன வருஷம் ரெண்டு புதுசு: மாடி வீட்டு நேபாளப் பையன், அப்புறம் எதிர் பிளாக் வியட்நாம் பொண்ணு. 'சு' வர்ற எடத்துல சும்மா இருக்கத் தெரியலை ரெண்டு பேருக்கும். எனக்கும் முதல் வருஷம் அதான் வரலை.

இந்த சனிக்கிழமை முதல் பயிற்சி. குச்சி எங்க வச்சேன்னு தேடணும். ஊருக்குப் பேசும்போது அம்மாகிட்ட அந்த மிருதங்கத்தக் கீழ எறக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். தோல் போயிருக்கும், மாத்திக் கட்டணும். கும்பகோணம் பக்கம் நல்லாக் கட்டறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க மக்கா.

கொசுறு: 'முத்து' படம் 1998ல இங்க ஓடின ஓட்டம் உங்களுக்குத் தெரியும். எங்க குழுப் பாட்டி ஒருத்தர் அத அப்பவே தியேட்டர்ல பாத்தவங்க. ஒவ்வொரு விழா முடிஞ்ச பீர் கச்சேரியிலயும் என்னை ரஜினி பாட்டு பாடச் சொல்லி உயிர எடுப்பாங்க. நான் பாடினத இதுவரைக்கும் யாரும் ரெண்டாம் தடவை கேக்கலை :-)